கும்பகோணத்துல கீழ விழுந்த போனும் ரெண்டு கடையும்

சித்தி பொண்ணு கல்யாணத்துக்காக மூணு வாரம் லீவு போட்டு ஜெர்மனிலேர்ந்து ஊருக்கு வந்திருந்தேன், 2016 மகாமகத்துக்கும் வர முடியல, அடுத்தது 2028லதான், சரி குளத்தையாவது பாத்துட்டு வருவோம்னு சாயங்காலம் போனேன். படிக்கட்டுல உக்காந்து போட்டோ எடுக்கும்போது போன் வழுக்கி கருங்கல்லுல ரெண்டு படி உருண்டுச்சு. எடுத்துப் பாத்தா ஸ்கிரீன்ல ஒரு கீறல்கூட இல்ல, தப்பிச்சோம்டா சாமின்னு நெனச்சேன்.

வீட்டுக்குப் போற வழில அம்மாவுக்கு போன் போட்டா "ஹலோ... ஹலோ... என்னடா பேசவே மாட்டேங்கிற"ன்னு அவங்களே வச்சுட்டாங்க. அவங்க பேசுறது எனக்கு நல்லா கேக்குது, நான் பேசுறது அங்க போகல. வாய்ஸ் நோட் போட்டாலும் சத்தமே இல்ல. பாட்டு போட்டா கரகரன்னு கெழட்டு ரேடியோ மாதிரி இருக்கு.

மறுநாள் காலைல பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்ட ஒரு பெரிய கடைக்குப் போனேன். அங்க இருந்தவர் போனைக் கையில வாங்கி திருப்பிப் பாத்தாரு, அவ்ளோதான், "ஆடியோ ஐசி போயிடுச்சு சார், 5500 ஆகும், ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, லாக் நம்பர் எழுதிக் குடுங்க"ன்னாரு. என் ஜெர்மனி பேங்க் ஆப், இசிம் எல்லாம் அதுக்குள்ள இருக்கு, லாக் நம்பரோட ரெண்டு நாள் எப்படி விடுறது? யோசிச்சுட்டு வர்றேன்னு வந்துட்டேன். ஆடியோ ஐசி (போன்ல சத்தத்த கவனிக்கிற சிப்பு) போறதுங்கிறது இல்லாத விஷயம் இல்ல, ஐபோன் 7ல போர்டு லேசா வளைஞ்சாலே அந்த ஐசிக்கு அடில இருக்கிற ஈயம் விட்டுப்போய் போன் பேசும்போது ஸ்பீக்கர் பட்டனே மங்கிப்போயிடும், அது ரிப்பேர்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா எந்த டெஸ்ட்டும் பண்ணாம எப்படிச் சொன்னாருங்கிறதுதான் எனக்குப் புரியல.

அப்புறம் மச்சான் பெரிய தெரு பக்கம் ஒரு சந்துக்குக் கூட்டிட்டுப் போனான், ஒரு ஆள் நிக்கிற அளவு கடை, ஒரு மைக்ராஸ்கோப்பு, ஒரு ஹீட்டர், இருபத்தஞ்சு வயசுல ஒரு தம்பி. "லாக் நம்பர் வேணாம்ணே, நீங்களே ஓபன் பண்ணிக் குடுங்க, எதிர்லயே பாக்குறேன்"னாப்ல. மொதல்ல கவரைக் கழட்டினாப்ல, கவரு மைக் ஓட்டைய மறைச்சாலே பாதி பேருக்கு இந்தப் பிரச்சனை வருமாம். அப்புறம் வீடியோ எடுக்கச் சொன்னாப்ல, அதுல என் குரல் தெளிவா இருக்கு. ஸ்பீக்கர்ல போட்டு மச்சானுக்கு கால் பண்ணச் சொன்னா அவனுக்கும் கேக்குது. ஹெட்செட் மாட்டினா பேசுறது கேக்குறது ரெண்டும் ஓகே.

"பாத்தீங்களாண்ணே, வீடியோவுக்கும் ஸ்பீக்கர் காலுக்கும் இந்த போன் மேல் மைக்க எடுத்துக்குது, காதுல வச்சு பேசும்போதும் வாய்ஸ் நோட்டுக்கும் கீழ் மைக். ஐசி போயிருந்தா இத்தனையும் எப்படி வேலை செய்யும்? சார்ஜ் எப்படி ஏறுது?" அப்பதான் எனக்கே உறைச்சுச்சு, நேத்து ராத்திரிலேர்ந்து கேபிளை அழுத்திப் புடிச்சாதான் சார்ஜ் ஏறுது! கீழ் மைக், ரிங்கர் (லவுட்ஸ்பீக்கருக்கு கடைக்காரங்க வச்ச பேரு அதுதான்), சார்ஜ் மூணுமே கீழ சிசி போர்டு (சார்ஜ் பின் இருக்கிற சின்ன போர்டு) வழியாத்தான் மெயின் போர்டுக்குப் போகுது, மூணும் ஒண்ணா மக்கர் பண்ணா அந்த வழியத்தான் மொதல்ல பாக்கணும்னாப்ல.

பின்பக்கத்த சூடு பண்ணி பிரிச்சா, சந்தேகப்பட்ட மாதிரியே ரெண்டு போர்டையும் இணைக்கிற ஃபிளெக்ஸ் கேபிளோட (பட்டையான மெல்லிசு கேபிள்) கனெக்டர் ஒரு பக்கம் லேசா தூக்கிட்டு நிக்குது. சுத்தம் பண்ணி அழுத்தி மாட்டினதும் மைக்கும் சார்ஜும் வந்துருச்சு. கரகரப்பு மட்டும் போகல. ரிங்கர்ல மீட்டர் வச்சா எட்டு ஓம் பக்கத்துல காட்டுது, காயில் அறுந்துபோகல, ஆனா உள்ள இருக்கிற சவ்வு விழுந்ததுல நசுங்கி ஒரு ஓரமா உரசுது, மாத்திடலாம்னாப்ல. மாத்தினதும் சத்தம் கணீர்னு வந்துச்சு. திரும்ப கம் போட்டு ஒட்டி நாலு ரப்பர் பேண்டு மாட்டி, "சாயங்காலம் வரைக்கும் கழட்டாதீங்க, பிரிச்ச போன்ணே, பழைய மாதிரி தண்ணி தாங்கும்னு நம்பாதீங்க, சிம் ஊசிய மைக் ஓட்டைல விட்றாதீங்க"ன்னு மூணு எச்சரிக்கை வேற.

மொத்தம் 650 ரூபா, ஒரு மணி நேரம்கூட ஆகல. ஆயிரமா குடுத்தேன், மீதிய கையில திணிச்சுட்டாப்ல. பில்லு, வாரண்டின்னு ஒண்ணும் கெடையாது, அது கொஞ்சம் இடிக்கத்தான் செஞ்சுது, ஏதாச்சும் ஆனா ஸ்டுட்கார்ட்லேர்ந்து யார் வந்து கேக்குறது.

ரப்பர் பேண்டோடயே அம்மாவுக்கு போன் போட்டேன். "இப்ப கேக்குதும்மா?"ன்னா "ஏண்டா கத்துற, வரும்போது அரை கிலோ சின்ன வெங்காயம் வாங்கிட்டு வா"ன்னாங்க.