காரைக்குடியில் வாடகை வீட்டுப் பராமரிப்புச் சேவை: மூன்று ஆண்டு அனுபவம்

காரைக்குடியில் எங்கள் பங்குக்கு வந்த பழைய வீட்டின் இரண்டாங்கட்டை (இரண்டாம் முற்றத்தை ஒட்டிய பகுதியை) வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் சென்னையில் வசிக்கிறோம். அதைக் கவனிக்கும் பொறுப்பை உள்ளூர்ப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாடகை வசூலிப்பது பெரிய வேலை அன்று; குடியிருப்பவர் ஒரு வசதியை மாற்றித் தரக் கேட்கும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வைத்தே இவர்களை மதிப்பிடுகிறேன்.

சென்ற ஆண்டு குடிவந்த பேராசிரியர் குடும்பம், பழைய வயரிங்கை மாற்றுவது, மேற்கத்தியக் கழிப்பறை, படுக்கையறைக்கு ஏசி, ஆத்தங்குடிக் கல் (வண்ணச் சிமெண்ட் டைல்) தரைக்குப் பதிலாக விட்ரிஃபைடு டைல்ஸ் என நான்கு கோரிக்கைகளை ஒரே கடிதத்தில் தந்தது. நிறுவனத்தார் நேரில் பார்த்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதி அனுப்பினார்கள். தேவைப்படும்போது வயரிங்கை மாற்றுவது, தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வீட்டு உரிமையாளரின் கடமை என்பதால் அதில் பேரம் இல்லை. கழிப்பறை புதிய வசதி என்பதால், வேலை தொடங்கும் முன்பே மாதம் 500 ரூபாய் வாடகை உயர்வை இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டோம். ஏசியைக் குடியிருப்பவரே வாங்கி, காலி செய்யும்போது எடுத்துச் செல்வதென்று முடிவாயிற்று.

தரை விஷயத்தில்தான் இவர்களின் அக்கறை தெரிந்தது. வெறுமனே மறுத்துவிடாமல், ஏன் மாற்றக் கேட்கிறார்கள் என்று அந்த வீட்டம்மாவிடம் விசாரித்திருக்கிறார்கள். வெள்ளை பூத்து மங்கிக் கிடப்பதே அவருடைய குறை. முன்பு குடியிருந்தவர்கள் ஆசிட் ஊற்றிக் கழுவியதன் விளைவு அது. கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் ஆத்தங்குடிக் கல்லின் மேற்பரப்பை அமிலம் அரித்துவிடும். தேய்த்துச் சுத்தம் செய்து, தேங்காயெண்ணெய் தடவி, சில வாரம் வெறும் தண்ணீரில் துடைத்துவரச் செய்ததில் நிறம் பெருமளவு திரும்பியது. அந்தக் கோரிக்கையை அவரே கைவிட்டார். பெயர்த்துப் போட்டிருந்தால் அந்தத் தரை எங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்காது.

குறையும் உண்டு. வயரிங்குக்காகச் சுவரில் வெட்டிய இடங்களைச் சுண்ணாம்புக் காரையால் பூசாமல் சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். பழைய சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி, அடுத்த மழைக்காலத்திலேயே பூச்சு உப்பி உதிர்ந்தது. தங்கள் செலவிலேயே சரிசெய்தார்கள், ஆனால் இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள்; அது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

கட்டணம் ஆண்டுக்கு ஒரு மாத வாடகை. இவ்வாண்டும் புதுப்பித்திருக்கிறேன், சுவரில் கைவைக்கும் எந்த வேலைக்கும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையே அழைக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்த்து.