ஒருமுறைகூடப் பழுதாகாத பிரிண்டர்

2017 ஜூனில், பள்ளி திறந்த வாரத்தில், முதல் பிரிண்டரை வாங்கினேன். விலை 2,900 ரூபாய். மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. திரையில் கண்ணுக்குத் தப்பும் ஒற்றுப்பிழை தாளில் பளிச்சென்று அகப்பட்டுவிடும். மகளுக்கும் ப்ராஜெக்ட் என்ற பெயரில் வாரம் ஒரு வண்ணப்படம் தேவைப்பட்டது. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு நடக்கிற நடையாவது மிச்சமாகும் என்று நினைத்தேன்.

அந்த மிச்சம் இரண்டு மாதம் நீடித்தது. பெட்டியோடு வந்த கார்ட்ரிட்ஜ்களில் மை பாதிதான் இருந்திருக்கிறது. புதிதாகக் கறுப்பு ஒன்றும் வண்ணம் ஒன்றும் வாங்கப் போனால் 1,700 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான் போலும். கறுப்பு கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 8 மி.லி. என்று இருந்தது. இருமல் மருந்தாக இருந்தால் இரண்டு வேளைக்குக்கூட வராது. இயந்திரத்தை மலிவாகத் தள்ளிவிட்டு மையில் சம்பாதிப்பது இந்தத் தொழிலில் பல காலமாக உள்ள வழக்கம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

பத்து நாள் ஊருக்குப் போய்வந்தால் அச்சுமுனையின் நுண்துளைகளில் மை காய்ந்து, எழுத்துகளின் குறுக்கே வெள்ளைக் கோடு விழும். சுத்தம் செய்யச் சொன்னால் இயந்திரம் கரகரவென்று ஒரு நிமிடம் உழைக்கும். அந்த உழைப்புக்கும் நம் மைதான் செலவு. மூன்று முறை சுத்தம் செய்த பிறகு எழுத்து தெளிவாக வரும், அதற்குள் மை அளவு காட்டும் பட்டை கால்வாசி இறங்கியிருக்கும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஓர் இரவு, மறுநாள் காலை தர வேண்டிய நாவலின் 212 பக்கங்களை அச்சிட உட்கார்ந்தபோது, வண்ண மை தீர்ந்துவிட்டது என்று சொல்லி இயந்திரம் நின்றுவிட்டது. நாவலில் ஒரு சொட்டு வண்ணம் கிடையாது. கறுப்பு கார்ட்ரிட்ஜ் மூன்று நாளுக்கு முன் போட்டது. அச்சுமுனை வறண்டு கெடாமல் காப்பதற்காக இப்படி என்று கையேடு விளக்கம் சொல்கிறது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் இரவு பதினொன்றரை மணிக்கு அது எனக்குச் சமாதானமாகப் படவில்லை.

பிறகு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஊசியால் மை நிரப்பித் தருகிறவரிடம் போனேன். 150 ரூபாய். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை, 'அசல் அல்லாத கார்ட்ரிட்ஜ்' என்று திரையில் எழுத்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை இதே கார்ட்ரிட்ஜ்தான் மகளின் பாடத்தை அச்சிட்டுக் கொடுத்தது. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: இரவோடு இரவாக ஒரு மென்பொருள் புதுப்பிப்பு. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், எதற்கும் சரி என்று தட்டிவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அதிசயம் இல்லை. 2016 செப்டம்பர் 13 அன்று, எச்.பி. நிறுவனத்தின் சில வகை பிரிண்டர்கள் உலகின் பல இடங்களில் ஒரே நாளில் பிறர் தயாரித்த கார்ட்ரிட்ஜ்களை மறுக்கத் தொடங்கின. கூச்சல் பெருத்ததும் அந்த மாதக் கடைசியிலேயே நிறுவனம் வருத்தம் தெரிவித்து, தடையை நீக்கும் மாற்று மென்பொருளைத் தருவதாகச் சொன்னது. என்னுடையது வேறு நிறுவனத்தின் சரக்கு. என் வருத்தத்துக்கு யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

2019இல், கார்ட்ரிட்ஜுக்குப் பதில் புட்டியிலிருந்து மை ஊற்றிக்கொள்ளும் மைத்தொட்டி பிரிண்டருக்கு மாறினேன். இந்த வகையை எப்சன் நிறுவனம் 2010இல் முதலில் விற்றது இந்தோனேசியாவில். அதற்கு முன்பே, கார்ட்ரிட்ஜ் விலை தாளாதவர்கள் பிரிண்டருக்கு வெளியே தொட்டியும் குழாயும் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மூர்க் கடைகளிலும் அந்தக் குழாய்க் கூத்தைப் பார்த்திருக்கிறேன். தெருக் கைவேலையைக் கம்பெனிகளே எடுத்துச் செய்ததில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நான்கு ஆண்டுகளில் ஐந்து புட்டிக் கறுப்பு மை, சுமார் 14,000 பக்கம். மைச் செலவு பக்கத்துக்கு இருபது காசுகூட ஆகவில்லை. இதைப் பாராட்டாமல் விட்டால் பாவம்.

அதன் பிறகு, 2023 நவம்பரில், இரண்டு விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்ட ஆரம்பித்தன. சுத்தம் செய்யும்போது வீணாகும் மை அடியில் உள்ள ஒரு பஞ்சுக்குப் போய்ச் சேர்கிறது. பஞ்சு எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதை இயந்திரம் பார்ப்பதில்லை. எவ்வளவு மை தள்ளினோம் என்று ஒரு கணக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எண்ணிக்கை வரம்பைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. மை வழிந்து மேசையைப் பாழாக்கக் கூடாது என்பது நியாயம்தான். அந்தப் பஞ்சை நானே மாற்ற ஒரு வழி வைத்திருக்கலாமே? சேவை மையத்தில் 3,400 ரூபாய் என்றார்கள். கொஞ்சம் யோசித்து, "புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே சார்" என்றும் சொன்னார்கள்.

ஊசி மைக்காரர் ஒரு தம்பியை அனுப்பினார். பின்பக்கம் ஒரே ஒரு திருகாணி. கழற்றியதும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு தட்டு வெளியே வந்தது. உள்ளே பஞ்சு, காக்கைக் கறுப்பில். வாளியில் போட்டு அமுக்கினார். தண்ணீர் நாவல்பழச் சாறு நிறத்துக்கு மாறியது. நான்கு வாளி மாற்றிய பிறகு பஞ்சு இளம் ஊதாவுக்கு வந்தது. அதை மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு, மடிக்கணினியைத் திறந்து ஏதோ ஒரு குறியீட்டு எண்ணைத் தட்டினார். "மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை சார். கணக்கை அழித்தால் போதும்." ஆக மொத்தம் 450 ரூபாய்.

எட்டு ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். இரண்டு பிரிண்டரிலும் பல்சக்கரம் தேயவில்லை, மோட்டார் கருகவில்லை. நின்ற ஒவ்வொரு முறையும், நிற்கும்படி யாரோ எழுதி வைத்திருந்ததால்தான் நின்றது.

ஸ்கேன் செய்யும் செயலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு பொத்தானை அழுத்தினால் போதும். இப்போது கணக்குத் தொடங்கு, இருப்பிடம் காட்டு என்கிறது. இணையம் அறுந்த ஒரு மாலையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தாளை என்னால் படியெடுக்க முடியவில்லை.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரிலேயே ஓர் இணையதளமும் வந்தது. அதில் கையேடுகளும் சேவை மைய விவரமும் பார்க்கலாம், நல்லதுதான். கணக்கை அழிக்கும் அந்த எண்ணை மட்டும் இன்னும் தம்பியிடம்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: மாதம் முப்பது பக்கத்துக்குள் என்றால் ஜெராக்ஸ் கடையே போதும். அதற்கு மேல் என்றால் மைத்தொட்டி. வாங்கும்போது கடைக்காரரிடம் எத்தனை பக்கம் வரும் என்று கேட்காதீர்கள், வீண் மைப் பெட்டியை நாமே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அவர் விழித்தால், மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு ஊசி மைக்காரரிடம் போய்க் கேளுங்கள்.