சோல்பிடெமோடு 14 மாதம்

சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தது இரண்டு வாரத்துக்கு. நான் போட்டது 14 மாதம். முதல் சீட்டு வாங்கிய அன்றே தெரிந்திருக்க வேண்டியதை எல்லாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் இரவே தூங்கினேன். இரண்டு மணி, மூன்று மணி என்று கடிகாரத்தைப் பார்த்தபடி கிடந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! இந்த மருந்தை நான் குறை சொல்லவே மாட்டேன். என் தவறு நேரத்தில்தான் இருந்தது.

ஒருநாள் இரவு இரண்டு மணிவரை புரண்டுவிட்டு, சரி, இனிமேலாவது தூங்கலாம் என்று மாத்திரையைப் போட்டேன். ஆறு மணிக்கு எழுந்து ஸ்கூட்டரை எடுத்தேன். தூக்கக் கலக்கமே தெரியவில்லை. சிக்னலில் பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். காதில் விழுகிறது, கை மட்டும் ஆக்ஸிலேட்டரைத் திருகவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க ஏழெட்டு மணி நேரம் இருந்தால்தான் இதைப் போட வேண்டும். பெண்கள் உடலிலிருந்து இந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். அதனால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-இல் சாதாரண மாத்திரையின் அளவைப் பெண்களுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. எனக்கு எழுதியிருந்தது 10. பழைய சீட்டையே காட்டி வாங்கிக்கொண்டிருந்தேன், கேட்கத் தோன்றவில்லை.

மதுவோடும் ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மாத்திரைகளோடும் இதைச் சேர்க்கவே கூடாது, மூச்சே அடங்கிப்போகலாம். தூக்கத்திலேயே எழுந்து நடந்தது, சமைத்தது மாதிரி ஏதாவது ஒருமுறை நடந்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

விடுவதுதான் கஷ்டம். நானாக ஒருநாள் நிறுத்தினேன். முன்பைவிட மோசமாக, விடியும்வரை ஒரு பொட்டுத் தூக்கமில்லை. மாத்திரை இல்லாமல் இனி தூங்கவே முடியாது என்று அழுதேன். டாக்டர்தான் சொன்னார்: "நோய் திரும்பவில்லை. திடீரென்று நிறுத்தினால் உடம்பு இப்படித்தான் முரண்டு பிடிக்கும்." அப்புறம் அவர் போட்டுக் கொடுத்த கணக்கின்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கூடவே தூக்கமின்மைக்கான சிபிடி-ஐ என்ற நடத்தைப் பயிற்சி. தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டுமே படுக்கைக்குப் போக வேண்டும். முதல் மூன்று வாரம் தலையெல்லாம் கனத்தது. ஆனாலும் மாத்திரைக்கு முன்பே இதைத்தான் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் ஆதங்கப்படுகிறேன்.

இப்போதும் சில நாள் மூன்று மணிக்கு விழிப்பு வரும். கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. எழுந்துபோய் ஹாலில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பேன். கொட்டாவி வந்ததும் திரும்பிப் போய்ப் படுத்துவிடுவேன்.