எல்எஸ்ஏ பிளடிங்கை எங்கே கட்டுப்படுத்துவது? வன்னி வளையம் ஒன்றை வைத்து ஒரு ஒப்பீடு

ஏ9 வீதியில் பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம். மாங்குளத்தில் திரும்பி ஏ34 வழியே ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. அங்கிருந்து ஏ35இல் புதுக்குடியிருப்பு வந்து மறுபடி பரந்தன். வன்னியில் ரேடியோ லிங்க் போட்டு நெட்வொர்க் இழுக்க நினைப்பவருக்கு வீதிகளே ஒரு வளையத்தை வரைந்து கொடுத்திருக்கின்றன. அதில் ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் முறை) ஓடவிட்டால், ஒவ்வொரு ரூட்டரும் தன் லிங்குகளை எல்எஸ்ஏ என்ற செய்தியாக எழுதும்; அது ரூட்டருக்கு ரூட்டர் கைமாறி எல்லாவற்றுக்கும் பரவுவதுதான் பிளடிங். ஓடவிட்ட கையோடு பலரும் கேட்பது, "பிளடிங்கைக் குறைக்க எந்தக் கட்டளை நல்லது?" என்றுதான். கட்டளையைத் தேட முன்னம் குறைக்க என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்த்துவிடுவோம்.

வளையத்தில் நிற்கும் ஒரு ரூட்டருக்கு இரண்டு பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க் (இரு முனை மட்டும் உள்ளது), ஒரு லூப்பேக் (ரூட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்), ஒரு லான் என்று வையுங்கள். ஐபி முகவரி கொடுத்த பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க் ஒவ்வொன்றும் இரண்டு பதிவாக எழுதப்படும். ஆக ஆறு பதிவு, பதிவுக்கு 12 பைட். தலைப்போடு சேர்த்து அந்த எல்எஸ்ஏ 96 பைட். இப்படி 20 ரூட்டர் இருந்தால் 1,920 பைட். இது 30 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அதே 30 நிமிடத்தில் ஒரு லிங்கில், 10 விநாடிக்கு ஒன்று என்று, 180 ஹலோ, அதாவது 'உயிரோடு இருக்கிறேன்' என்ற சிறு செய்தி, போகும். ஐபி தலைப்போடு ஒன்று 68 பைட், மொத்தம் 12,240 பைட். நாம் பயப்படுகிற எல்எஸ்ஏ புதுப்பிப்பை விட ஹலோதான் ஆறு மடங்கு.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, பிளடிங்கைக் குறைக்கவென்று உள்ள இரு கட்டளைகளை, ஃப்ளட்-ரிடக்‌ஷனையும் டிமாண்ட்-சர்க்கியூட்டையும் பாருங்கள். இரண்டும் எல்எஸ்ஏயில் 'டுநாட்ஏஜ்' (வயது ஏற்றாதே) பிட்டை ஏற்றி, 30 நிமிடப் புதுப்பிப்பை அந்த லிங்கில் நிறுத்திவிடும். ஃப்ளட்-ரிடக்‌ஷன் அதோடு நின்றுகொள்ளும், ஹலோ வழமைபோல ஓடும். 1995இல் ஆர்எஃப்சி 1793 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் வந்த டிமாண்ட்-சர்க்கியூட் ஹலோவையும் அடக்கும். அது டயல் பண்ணி இணையும் ஐஎஸ்டிஎன் தொலைபேசி லைன் காலத்துப் பிள்ளை. லைன் எழும்பினால் காசு ஓடும், அதனால் லைனைத் தூங்கவிட வேண்டும் என்ற தேவை அப்போது இருந்தது.

இன்றைக்கு நம்மிடம் இருப்பது 4ஜி பேக்கப். அதன் மேல் ஜிஆர்இ டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் கற்பனை லிங்க்), அதற்குள் ஓஎஸ்பிஎஃப். மாதம் முழுக்க ஹலோ போனாலும் ஒரு பக்கத்துக்குச் சுமார் 17.6 எம்பி, டனல் தலைப்புச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். எந்த டேட்டா பெக்கேஜிலும் இது தூசு. இந்தத் தூசை மிச்சம் பிடிக்க ஹலோவை நிறுத்தினால், டனலின் மறுமுனை செத்தது உங்களுக்குத் தெரியவே வராது. டனல் அப் என்று காட்டிக்கொண்டிருக்க, பாக்கெட் எல்லாம் கிணற்றுக்குள் போகும். 4ஜிக்கு என் தெரிவு இரண்டுமே இல்லை. அதில் ஓஎஸ்பிஎஃப்பையே ஓடவிடாமல், டிஸ்டன்ஸ் 200 கொடுத்து ஒரு ஃப்ளோட்டிங் ஸ்டாட்டிக் ரூட், அதாவது கையால் எழுதிய காத்திருப்பு வழி. டிஸ்டன்ஸ் குறைந்த வழியைத்தான் ரூட்டர் எடுக்கும். ஓஎஸ்பிஎஃப்பின் 110 ரூட் விழுந்தால் இது எழும்பும்.

டேட்டாபேஸ்-ஃபில்டர் ஆல் அவுட் என்ற கட்டளை வேறு சாதி. அது அந்த இன்டர்ஃபேஸால் எல்எஸ்ஏ வெளியே போவதையே மறித்துவிடும், ஆனால் நெய்பர் (அடுத்த ரூட்டர்) நிலை 'ஃபுல்', அதாவது முழு உறவு, என்றே நிற்கும். வேலிக்கு மேலால் சிரித்துக்கொண்டு வீட்டுப் புதினம் ஒன்றும் சொல்லாத அயலவர் மாதிரி. இதைப் பரந்தனில், புதுக்குடியிருப்புப் பக்கம் போட்டீர்கள் என்று வையுங்கள். வளையம் முழுதாக இருக்கும்வரை முல்லைத்தீவு வழியாகச் செய்தி வரும், குறை ஒன்றும் தெரியாது. ஒட்டுசுட்டானுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் லிங்க் அறுந்ததும் கிழக்குப் பக்கம் பழைய எல்எஸ்ஏக்களோடு தனித்துப்போகும். டிராபிக் அப்போதும் பரந்தன் வழியாக ஓடும். "பேக்கப் வேலை செய்கிறது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கும் போய்விடுவீர்கள். 3,600 விநாடி வயதைத் தொடும்போது அந்த எல்எஸ்ஏக்கள் காலாவதியாகும். வீட்டுக்குப் போன பிறகுதான் போன் அடிக்கும். வளையத்தில் இதைத் தொடவே வேண்டாம். ஒரே இரண்டு ரூட்டருக்கு நடுவில் நாலைந்து இணை லிங்க் இருந்தால் மட்டும் இதற்கு ஒரு நியாயம் உண்டு.

ஓஎஸ்பிஎஃப் போன்ற இன்னொரு முறையான ஐஎஸ்-ஐஎஸ்ஸில் பிளடிங்கைக் குறைக்கும் மெஷ்-குரூப், ஆர்எஃப்சி 2973, எல்லோரும் எல்லோரோடும் இணைந்த ஃபுல்-மெஷ்ஷுக்கு எழுதியது. வன்னியில் அப்படி ஒன்றை யார் கட்டப்போகிறார்கள்?

உண்மையில் பலன் தருவது யாரும் கேட்காத ஒன்று: இன்டர்ஃபேஸின் நெட்வொர்க் வகை. இரண்டே ரூட்டர் உள்ள டவர் லிங்கையும் ஈதர்நெட் என்பதால் ரூட்டர் பிராட்காஸ்ட் (பல ரூட்டர் பகிரும் வலை) என்று எடுத்துக்கொள்ளும். அதனால் டிஆர் (அந்த வலைக்குப் பொதுவாகப் பேசும் தலைமை ரூட்டர்) தேர்தல், 40 விநாடிக் காத்திருப்பு, லிங்குக்கு ஒரு நெட்வொர்க் எல்எஸ்ஏ மேலதிகம். பாயின்ட்-டு-பாயின்ட் என்று ஒரு வரி போட்டால் மூன்றும் ஒழியும். செக்டர் அன்டெனாவில் பல வீடு, பல அலுவலகம் தொங்கும் இடத்தில் கதை இன்னும் மோசம். வைஃபை வகை ரேடியோவில் அக்சஸ் பாயின்ட் அனுப்பும் மல்டிகாஸ்டுக்கு (ஒரே தடவையில் பலருக்குப் போவது) ரேடியோ மட்டத்தில் அக் (கிடைத்தது என்ற பதில்) கிடையாது. எல்எஸ்ஏ தொலைந்தால் 5 விநாடி கழித்துத்தான் ஓஎஸ்பிஎஃப் திருப்பி அனுப்பும். வாடிக்கையாளர்களை ஒருவரையொருவர் பார்க்கவிடாமல் ஐசொலேஷன் போட்டிருந்தால் டிஆர் முறையே குழம்பும். அங்கே பாயின்ட்-டு-மல்டிபாயின்ட், அதுவும் நெய்பரைக் கையால் எழுதி யூனிகாஸ்டாக, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

மாரிக் காற்றில் கம்பம் ஆடி விட்டு விட்டு வரும் லிங்க் ஒன்று இருந்தால், விழும்போதும் எழும்போதும் இரு முனையும் புது எல்எஸ்ஏ விடும். மேலே சொன்ன எந்தக் குறைப்பும் இதைத் தடுக்காது, ஏனென்றால் அது உண்மையான மாற்றம். கம்பத்துக்கு ஸ்டே வயர் இழுத்துக் கட்டுங்கள், அதுவரை எல்எஸ்ஏ த்ரொட்டில் நேரத்தை, அதாவது அடுத்த எல்எஸ்ஏ விட முன் காத்திருக்கும் நேரத்தை, கூட்டி வையுங்கள்.

இதற்குப் பிறகும் ஃப்ளட்-ரிடக்‌ஷன் வேண்டும் என்றால் போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் ஏரியாவில் (ஒரே டேட்டாபேஸைப் பகிரும் ரூட்டர் கூட்டம்) டிசி-பிட் தெரியாத, அதாவது டுநாட்ஏஜ் புரியாத, பழைய ரூட்டர் ஒன்று இருந்தாலே டுநாட்ஏஜ் முழு ஏரியாவுக்கும் செல்லாது. சிஸ்கோ என்றால் டேட்டாபேஸைத் திறந்து, வயதுக்குப் பக்கத்தில் டிஎன்ஏ என்ற மூன்றெழுத்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.