அம்மம்மாவின் நினைவு மலர்: புளியந்தீவு அச்சகமொன்றின் சேவை பற்றி

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுப் பக்கத்தில் இயங்கும் ஒரு சிறிய அச்சகத்தில்தான் எங்கள் அம்மம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலரை அச்சிட்டோம். ஆயுளின் பெரும்பகுதியை அரச சேவையில் கழித்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை எப்படிப் பக்கங்களில் அடுக்குவது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அச்சு வேலையில் சில குறைகள் இருந்தபோதிலும், அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்களின் சேவையை மிக உயர்வாக மதிக்கிறேன்.

பெண்களுக்கான நினைவு மலர்கள் நம் பகுதியில் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே வருகின்றன. அட்டையில் குத்துவிளக்கு, உள்ளே திருமுறைப் பாடல்கள், பின்னர் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எனப் பெயர் வரிசை, முடிவில் நன்றி நவிலல். அவர் பார்த்த உத்தியோகம் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் அடங்கிவிடும். எங்களுக்கும் முதலில் அத்தகைய மாதிரிகளையே காட்டினார்கள். ஆனால் பக்கங்களை வடிவமைக்கும் அண்ணன் சிறிது நேரம் பேசியபின், "அம்மம்மா கச்சேரியில வேல செஞ்சவ எண்டு சொன்னீங்க, நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதம் ஒண்டும் வீட்டில கிடக்கலையா தங்கச்சி?" என்று கேட்டார் (கச்சேரி என்பது மாவட்ட அரசாங்க அதிபரின் அலுவலகம்). கிடந்தது. அம்மம்மா தம் கடிதங்களையெல்லாம் ஒரே கோவையில் தொகுத்து, ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையிலும் அலுவலக முறைப்படி இலக்கமிட்டு வைத்திருந்தார்.

அந்தக் கோவையை வைத்துக்கொண்டு அந்த அண்ணன் முன்வைத்த யோசனைதான் மலரின் சிறப்பு. இடப்பக்கத்தில் சேவை, வலப்பக்கத்தில் அதே ஆண்டுகளின் வீடு. ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த கச்சேரியில் எழுதுவினைஞராகச் சேர்ந்த காலத்தில் தொடங்கி, பிரதம எழுதுவினைஞராக ஓய்வுபெற்றது வரை அந்த அமைப்பே தொடர்கிறது. 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளிக்கு உரிய பக்கங்களைப் பாருங்கள்: இடப்பக்கத்தில் நிவாரணப் பட்டியல்கள் தயாரித்த நாட்கள் பற்றி அவருடன் பணியாற்றிய ஒருவரின் குறிப்பு, வலப்பக்கத்தில், கூரை பறந்த வீட்டில் பிள்ளைகளை அயலாரிடம் விட்டுவிட்டுத் தன் அம்மா வேலைக்குப் போனதையும், பொழுதுபட்டபின் வந்து ஈர விறகோடு மல்லுக்கட்டிச் சோறாக்கியதையும் என் தாயார் எழுதியது. இரண்டையும் ஒருசேர வாசித்தபோதுதான் அவர் சுமந்தது எவ்வளவு என்பது குடும்பத்தில் பலருக்கு விளங்கியது.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள பட்டிப்பளைக்கு இடமாற்றம் பெற்றிருந்த ஆண்டுகளும் அவ்வாறே அமைந்துள்ளன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்வழியே படுவான்கரைக்குப் போக வாவியைத் துறையில் கடக்க வேண்டியிருந்தது; அந்தப் பயணத்தின் சிரமம் ஒரு பக்கத்தில் இருக்க, திரும்பும்போது பேரப்பிள்ளைகளான எங்களுக்கென அவர் மடியில் வைத்துத் தளும்பாமல் கொண்டுவந்த எருமைத் தயிர்ச் சட்டி மறுபக்கத்தில் இருக்கிறது. ஓய்வுபெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. 2004 கடற்கோளில் ஆவணங்களை இழந்தவர்களுக்காக எங்கள் விறாந்தையில் இருந்து பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கான விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தார்.

மெய்ப்புப் பார்ப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். மாமா எழுதிக் கொடுத்த குறிப்பில் 1980களின் பணியிடமொன்று "பிரதேச செயலகம்" என்று இருந்ததை அவர் சிவப்பு மையால் கோடிட்டு, "பிள்ளை, பிரதேச செயலாளர் சட்டம் 1992இலதான் வந்தது, அதுக்கு முதல் அது உதவி அரசாங்க அதிபர் அலுவலகம்" என்றார். இவ்வளவு கவனத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. குடும்ப மரத்தையும் நம் மட்டக்களப்பு வழக்கப்படி தாய்வழிக் குடியில் தொடங்கி வரைந்து தந்தார்கள், கேட்காமலே செய்தார்கள்.

ஊறுகாய்ப் போத்தலில் ஒட்டும் துண்டில்கூட ஆண்டு, மாதம், நாள் என்ற அலுவலக ஒழுங்கில் திகதி எழுதுவது அம்மம்மாவின் பழக்கம். இதை ஒரு பேச்சுக்குச் சொன்னதற்கே, மலர் முழுவதும் திகதிகளை அந்த ஒழுங்கில் மாற்றிவிட்டார்கள். அட்டைப்படத்துக்கு அவரது பழைய அலுவலக அடையாள அட்டைப் படத்தை எடுத்தோம். ஊசித் துளையைச் சுற்றிய துருக்கறையை நீக்கியவர்கள், சேலைத் தோளின்மீது படிந்திருந்த முத்திரையின் பாதி வளையத்தை விட்டுவைத்தார்கள். அதையும் அழிக்கச் சொன்ன சித்தியே இப்போது அந்தப் படத்தைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். யூனிகோடில் அனுப்பிய கட்டுரைகளை, யூனிகோடு அல்லாத பழைய முறையிலான பாமினி எழுத்துருவுக்கு மாற்றியபோது காற்புள்ளி வரவேண்டிய இடமெங்கும் "இ" என்று விழுந்திருந்தது. பெரும்பாலானவற்றைத் திருத்தினாலும், இரங்கலுரையொன்றில் சில தப்பிவிட்டன. இரண்டாம் மெய்ப்பைத் தாளில் தராமல் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார்கள், சிறிய திரையில் அந்தப் பிழைகளைப் பிடிப்பது கடினம். உள்பக்கங்களுக்குப் பளபளப்பான ஆர்ட் தாளைப் பயன்படுத்தியதால் மின்விளக்கின் கீழ் வாசித்த முதியவர்கள் சிரமப்பட்டார்கள். எல்லாவற்றையும்விட, பிரதிகள் கிரியைக்கு முந்தைய நாள் பொழுதுபட்டபின்னரே கைக்கு வந்தது பெரிய மனவுளைச்சல். துக்க வீட்டாரை அப்படிக் காக்கவைக்கக் கூடாது.

ஆகவே, இத்தகைய மலர் அச்சிட எண்ணுபவர்கள் எட்டாம் நாளுக்குள் விபரங்களைக் கொடுத்துவிட வேண்டும். பளபளப்பில்லாத தாளைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு மெய்ப்பையும் தாளிலேயே கேட்க வேண்டும். நடுவில் தைக்கும் மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால், வண்ணப் படங்களை நடுத்தாளின் நான்கு பக்கங்களில் சேர்த்தால் செலவும் குறையும். பிடிஎஃப் கோப்பையும் கேளுங்கள். எங்களுக்கு மேலதிகக் கட்டணமின்றித் தந்தார்கள். நினைவு மலர்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு, அந்த "இ" எழுத்துகளைத் திருத்திய பிரதியொன்றை அனுப்ப இருக்கிறோம்.