வான்கோழி வேட்டை: அரசு நிலமா, லீஸா, அனுமதி கேட்ட பண்ணையா?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வசந்தகால வான்கோழி சீசன் ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம் ஓடும். பெர்மிட் வாங்குவது சுலபம், எங்கே போவது என்பதுதான் கேள்வி. மாநிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் தனியார் நிலம். அரசு நிலம், லீஸ் எடுத்த நிலம், கேட்டு அனுமதி வாங்கிய பண்ணை என்று மூன்று வழிகள் இருக்கின்றன. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

அரசு நிலம் தாராளமாக இருக்கிறது. மார்க் ட்வெய்ன் தேசிய வனம் மட்டுமே சுமார் 15 லட்சம் ஏக்கர். யாரையும் கேட்க வேண்டாம், விதிகளைப் படித்துவிட்டு இறங்கி நடக்கலாம். ஆனால் முதல் வாரத்தில் பார்க்கிங் இடமெல்லாம் பிக்கப்புகள் நிற்கும். பெட்டை போலக் குரலெழுப்பி ஒரே ஆண் பறவையை நாலு பேர் கூப்பிட்டால் அது வாயை மூடிக்கொள்ளும். நாம் எழுப்பும் பெட்டைக் குரலை நம்பி இன்னொரு வேட்டைக்காரர் பதுங்கி வரும் ஆபத்தும் உண்டு. ஆண் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என்பதால் அந்த நிறங்களில் ஒரு கைக்குட்டைகூட வெளியே தெரியக் கூடாது. அப்புறம், பொது நிலத்தில் மதியம் 1 மணியோடு முடித்துக்கொள்ள வேண்டும். தனியார் நிலத்தில் இப்போது சூரியன் மறையும்வரை நேரம் உண்டு. பெட்டைகள் முட்டையிடப் போனபின் தனியாகத் திரியும் ஆண் பறவை முற்பகலுக்குப் பிறகுதான் குரலுக்கு எளிதில் வரும் என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

லீஸில் எனக்கு அனுபவம் குறைவு, நண்பரின் விருந்தாளியாகப் போனதோடு சரி. அமைதியாக இருந்தது. ஏக்கர் கணக்கில் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். மானுக்கும் சேர்த்து எடுப்பவர்களுக்குக் கட்டுப்படியாகலாம், மூன்று வார வான்கோழிக்காக மட்டும் நான் எடுக்க மாட்டேன்.

அனுமதிக்கு முதல் வேலை, பறவை இருக்கும் பண்ணையைக் கண்டுபிடிப்பது. மார்ச் கடைசியில் பொழுது சாயும் நேரம் கவுண்டி ரோட்டோரம் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருப்பேன். இருட்டப் போகும்போது ஆந்தை கத்தினால், மரத்தில் அடையப்போன ஆண் பறவை பதிலுக்குக் கத்தும். ஓடையோரத்துப் பெரிய மரங்களும் அடுத்தே மேய்ச்சல் வெளியும் இருந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்வேன். மொபைலில் நில வரைபட ஆப்பைத் திறந்தால் சொந்தக்காரர் பெயர் தெரிந்துவிடும்.

போன் செய்வதைவிட நேரில் போவது நல்லது. சனிக்கிழமை காலை பத்து மணி வாக்கில், கேமோ (காட்டோடு கலந்து மறையும் வேட்டை) உடையில்லாமல், தனியாகப் போய் யார், எங்கே வேலை என்று சொல்லிவிட்டு, வான்கோழிக்கு மட்டும் அனுமதி கேட்பேன். அந்த ‘மட்டும்’ முக்கியம். நவம்பர் மான் சீசனை மகனுக்கோ மச்சானுக்கோ ஒதுக்கி வைத்திருப்பவர், ஏப்ரலில் காலியாகக் கிடக்கும் காட்டைத் தரத் தயங்குவதில்லை. அடிபட்டால் வழக்கு வருமோ என்று கேட்பவர்களும் உண்டு. காசு வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலத்தில் விடுபவரின் பொறுப்பை மிசௌரி சட்டம் பெருமளவு குறைக்கிறது, அதைப் பொறுமையாகச் சொல்வேன். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் முறை.

என் தேர்வைத் தீர்மானித்தது இதற்கு அடுத்த கட்டம். லீஸைப் பணம் காப்பாற்றும், அனுமதியை நாம் நடந்துகொள்ளும் விதம்தான் காப்பாற்ற வேண்டும். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும். கன்று போட்ட மாடுகள் வசந்தத்தில் மேய்ச்சலில் இருக்கும், ஒரு சங்கிலியை மாட்ட மறந்தால் மந்தை ரோட்டில் நிற்கும். போகும் முந்தின நாள் செய்தி அனுப்ப வேண்டும். சொன்ன இடத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும், ஈர நிலத்தில் டயர் தடம் பதிக்கக் கூடாது. சுட்ட தோட்டாவின் காலி உறையைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். கேட்காமல் நண்பரைக் கூட்டிப்போகவே கூடாது. நான் போகும் பண்ணை ஒன்றில் முள்கம்பி வேலிமேல் மரக்கிளை விழுந்து கிடந்தது. போட்டோ எடுத்துப் பெரியவருக்கு அனுப்பி, அவர் சரி என்றதும் கைரம்பத்தால் அறுத்து ஒதுக்கிவிட்டேன். அடுத்த வருடம் அனுமதி கேட்டபோது, ஓடைக்கு அந்தப் பக்கமும் போய்க்கொள் என்றார்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. நிலம் விற்றுப்போனால் அனுமதியும் போய்விடும், பிள்ளைகள் கைக்கு வந்தால் புதிதாகக் கேட்க வேண்டும். அதனால் ஒரே பண்ணையை நம்பியிருப்பதில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் புதிதாக ஒரு கதவையாவது தட்டிவிடுகிறேன். பக்கத்துப் பண்ணையென்றால், உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று பழையவரிடம் முதலில் கேட்டுக்கொள்வேன்.