மதுரை மழைக்கு ஹீட் பம்ப் டிரையர்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

பங்குனியிலிருந்து புரட்டாசி வரை மதுரையில் மொட்டை மாடிக் கொடியை மிஞ்ச எந்த மெஷினும் கிடையாது. கனமான போர்வைகூட மதியத்துக்குள் மொரமொரவென்று காய்ந்துவிடும். துணி உலர்த்தும் மெஷினான டிரையரைப் பற்றி யோசிக்க வைப்பது ஐப்பசியும் கார்த்திகையும்தான். வீட்டுக்குள் கட்டிய கொடியில் இரண்டு நாள் கிடந்தும் துண்டில் ஈர வாடை போகாது. கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெரியவரோ உள்ள வீட்டிலும், மொட்டை மாடியில் துணி போட வழியில்லாத அடுக்குமாடி வீட்டிலும் இந்தத் தேவை வருடம் முழுக்க உண்டு. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான்.

கடைக்குப் போகும் முன் வாஷிங் மெஷினின் ஸ்பின் வேகத்தை, அதாவது துணியைப் பிழிய நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைப் பாருங்கள். உலர்ந்த நிலையில் 5 கிலோ எடையுள்ள பருத்தித் துணியை 800 சுற்று வேகத்தில் பிழிந்தால் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் தண்ணீர் துணியிலேயே தங்கும். 1400 சுற்றில் பிழிந்தால் இரண்டரை லிட்டர்தான். அந்த ஒரு லிட்டரை ஆவியாக்க மட்டும் சுமார் 0.65 யூனிட் அளவு வெப்பம் வேண்டும். ஹீட்டர் வைத்துச் சூடாக்கும் எந்த டிரையரும் இந்த இயற்பியலைத் தாண்ட முடியாது. கூடுதலாகச் சுற்றிப் பிழிய ஆகும் கரண்டோ இதில் சிறு பங்குகூட இல்லை. ஆகவே வெயிலில் போடுவதற்கு எப்படிப் பிழிந்தாலும் சரி, டிரையரில் போடும் துணியை உங்கள் மெஷினில் இருக்கும் அதிகபட்ச வேகத்தில் பிழியுங்கள். மேலே மூடி திறக்கும் மெஷின்கள் பெரும்பாலும் 700 சுற்றை ஒட்டித்தான் ஓடும். அவற்றில் இரண்டாவது முறை தனியாக ஒரு ஸ்பின் வைத்தால் பலன் தெரியும்.

டிரையரில் மூன்று வகை. ஹீட்டர் வைத்துச் சூடாக்கி, ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வெண்டட் வகை. அதே ஹீட்டர்தான், ஆனால் ஈரத்தை உள்ளேயே தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் கண்டென்சர் வகை. ஏசியைப் போலக் கம்ப்ரஸர் வைத்த ஹீட் பம்ப் வகை. மூன்றாவதில் சூடான சுருள் காற்றைச் சூடாக்கும், குளிர்ந்த சுருள் அதே காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும். பிரிக்கும்போது கிடைக்கும் வெப்பம் வீணாகாமல் மறுபடி காற்றுக்கே போகும். மிச்சம் பிடிப்பது அந்த இடத்தில்தான். 5 கிலோ துணிக்கு ஹீட்டர் வகைகள் 3 யூனிட் அளவில் எடுத்தால், ஹீட் பம்ப் 1 முதல் 1.5 யூனிட்டில் முடித்துவிடும். பதிலுக்கு நேரம் கொடுக்க வேண்டும். இரண்டு மணி, சில சமயம் மூன்று மணி ஓடும். சூடு குறைவு என்பதால் துணி நைந்து போவதும் குறைவு.

துவைத்து உலர்த்தும் இரண்டும் ஒரே மெஷினில் என்று விற்பதைப் பற்றி ஒன்று: 8 கிலோ துவைக்கும், 5 கிலோதான் உலர்த்தும். மீதியை வெளியே எடுத்துவிட வேண்டும். பல மாடல்களில் ஆவியைக் குளிர்விக்கவே குழாய்த் தண்ணீர் ஓடும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அது சரிப்படாது.

இப்போது கரண்ட் பில். வாரம் நான்கு முறை என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 36 முறை. ஹீட்டர் வகைக்கு 108 யூனிட், ஹீட் பம்புக்கு 47 யூனிட் அளவில் வரும். ஏற்கனவே 450 யூனிட் ஓடும் வீட்டில் முதலாவது 558-இல் கொண்டு போய் நிறுத்தும், இரண்டாவது 500-க்குள் அடங்கும். 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்டுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த சலுகையும் போய்விடும். வருடம் முழுக்க ஓட்டும் வீட்டுக்கு ஹீட் பம்ப்தான் சரி, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் மழைக்காலத்தில் மட்டும் 40 முறை ஓட்டுகிற வீட்டில் மிச்சமாவது வருடத்துக்கு 70 யூனிட் சுமார்தான். கடைக்காரர் சொல்லும் விலை வித்தியாசத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு நன்றாகப் பிழிந்த துணி, இடைவெளி விட்டுப் போட்ட ஸ்டாண்ட், நேராக வீசும் ஒரு ஃபேன் போதும் என்பதே எங்கள் கருத்து. கரண்ட் குறைவாக எடுக்கும் 35 வாட் பிஎல்டிசி ஃபேன் ஆறு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட் ஆகாது.

கரண்ட் சிக்கனத்தைக் காட்டும் லேபிள் பார்த்து வாங்குபவர்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை 1 முதல் டிரையர் லேபிள் ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை என்று மாறிவிட்டது. பழைய ‘ஏ’ மூன்று பிளஸும் புதிய ‘ஏ’வும் ஒன்றல்ல. எழுத்தை விட்டுவிட்டு, ஒரு முறை ஓட்ட எத்தனை யூனிட் என்ற எண்ணைக் கேளுங்கள்.

வைக்கும் இடத்தில்தான் இங்கே பலர் தவறுகிறார்கள். பெரும்பாலான ஹீட் பம்ப் கையேடுகள் அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. சித்திரையில் ஷீட் போட்ட பால்கனியோ கதவு மூடிய குட்டி அறையோ அதைத் தாண்டிவிடும். கம்ப்ரஸர் திணறும், நேரம் நீளும், பாதியில் நின்றும் போகும். கோடையில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் விடிகாலையில், ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். வண்டியில் சாய்த்துக் கொண்டுவந்த மெஷினை உடனே ஆன் செய்யக் கூடாது. கையேடு சொல்லும் நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே பிளக் போட வேண்டும். ஹீட்டர் வகைக்கு 16 ஆம்ப் பவர் பிளக்கும் அதற்கேற்ற வயரும் கட்டாயம்.

மாதங்கள் போகப் போக வரும் கோளாறு இரண்டு. முதலாவது பஞ்சு. புதுத் துண்டும் கைலியும் போட்ட நாளில் வடிகட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம் உரிந்து வரும். ஒவ்வொரு முறையும் அதை எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் வலை சுத்தமாகத் தெரிவதை நம்ப வேண்டாம். ஒரு கரண்டி தண்ணீரை அதன் மேல் ஊற்றிப் பாருங்கள். உடனே கீழே இறங்கினால் நல்லது. முத்து முத்தாக மேலேயே நின்றால், துணியை மென்மையாக்கும் திரவத்தின் பிசுக்கு வலையின் கண்களை அடைத்திருக்கிறது. பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்துக் காய வைத்துப் போடுங்கள். வலையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் பஞ்சு உள்ளே போய்க் குளிர்ந்த சுருளின் தகடுகளுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது மூன்றரை மணி ஆகும். தானே கழுவிக்கொள்ளும் சுருள் என்று விற்கும் மாடல்களில் அந்தத் தகடு கைக்கு எட்டாது, சர்வீஸ் ஆள் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். கீழே ஒரு கதவைத் திறந்து நாமே பிரஷ் போடக்கூடிய மாடலைத் தேடி வாங்குங்கள்.

இரண்டாவது போர்த் தண்ணீர். டிரம்முக்குள் முன்பக்கம் எவர்சில்வர் பட்டைகள் இரண்டு இருக்கும். ஈரத்துணி இரண்டையும் தொடும்போது மின்சாரம் கடக்கிறதா என்று பார்த்துத்தான் மெஷின் ஈரத்தை அறிகிறது. உப்புத் தண்ணீரில் துவைத்த துணி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் காய்ந்த பிறகும் ஈரம் இருப்பதாக எண்ணி மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். செட்டிங்கில் உலர்வு அளவை ஒரு படி குறைத்தால் சரியாகும். இதற்கு நேர் எதிரானதும் நடக்கும்: பட்டையின் மேல் சுண்ணாம்பும் பிசுக்கும் படிந்துவிட்டால் மின்சாரம் கடக்காது, ஈரத்துணியோடு ‘முடிந்தது’ என்று நின்றுவிடும். வினிகர் தொட்ட துணியால் மாதம் ஒரு முறை துடைத்தால் போதும். இது தெரியாமல் மெஷினின் எலக்ட்ரானிக் போர்டை மாற்றிப் பணம் கட்டியவர்கள் உண்டு.

சுங்குடிச் சேலை, பட்டு, கஞ்சி போட்ட வேட்டி, ஜமுக்காளம் எதையும் உள்ளே போடாதீர்கள். சுங்குடியின் சாயத்துக்கு நிழல்தான் ஏற்றது. கஞ்சி டிரம்மிலும் பட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். டிரம்மில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடைத்தால் போர்வை பந்தாகச் சுருண்டு நடுவில் ஈரம் தங்கும். இஸ்திரி போடும் துணிகளுக்கு, லேசான ஈரத்தோடு முடிக்கும் ‘அயர்ன் டிரை’ செட்டிங்கில் நிறுத்திவிடுங்கள். கடைசியில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரத்தை விரட்டத்தான் அதிக நேரம் போகிறது.

தொட்டியில் சேரும் இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவது தவறு. அதில் பஞ்சும் சோப்பு மிச்சமும் இருக்கும். தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். மழைக்காலம் முடிந்து நிறுத்தி வைக்கும்போது தொட்டியைக் காலி செய்து, ஒரு நாள் கதவைத் திறந்து ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். அடுத்த புரட்டாசிக் கடைசியில், மேகம் கூடும் முன்பே, இரண்டு துண்டை மட்டும் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மழை பிடித்த பிறகு சர்வீஸ் ஆள் கிடைப்பது கஷ்டம்.